போலிஷ் அமெரிக்க மரபு பற்றிய கட்டுரை உதவித்தொகை: பாதி போலிஷ், பாதி தமிழான மகள் எதை எழுதுவது?

கேள்வி: சிகாகோ புறநகர்த் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் கணவரின் குடும்பம் ஐந்து தலைமுறைகளாகச் சிகாகோவில் வாழும், போலந்து வழிவந்த போலிஷ் குடும்பம். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். எங்கள் மகள் உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். எங்கள் பகுதியில் இயங்கும் ஒரு போலிஷ் அமெரிக்கச் சங்கம், போலிஷ் வழிவந்த மாணவர்களுக்காகக் கட்டுரைப் போட்டி நடத்தி, தேர்வாகும் சிலருக்குக் கல்லூரி உதவித்தொகை வழங்குகிறது. போலிஷ் அமெரிக்க மரபு தன் வாழ்வை எவ்வாறு உருவாக்கியது என்பதை ஆயிரம் சொற்களுக்கு மிகாமல் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கட்டுரைத் தாளில் மாணவரின் பெயர் இருக்கக் கூடாது. குடும்பத்தின் போலிஷ் வழியைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்றைத் தனியே இணைக்க வேண்டும்.

அவள் எழுதிய முதல் வரைவை இரண்டு முறை படித்தேன். 1608ஆம் ஆண்டு வர்ஜீனியாவின் ஆங்கிலேயக் குடியேற்றமான ஜேம்ஸ்டவுனுக்கு வந்த போலிஷ் கைவினைஞர்களில் தொடங்கி, அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்ற போலிஷ் படைத்தலைவர்கள் புலாஸ்கி, கோஷ்சியுஷ்கோ ஆகியோரின் படைத்தொண்டைச் சொல்லி, கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் பாட்டி செய்யும் பியெரோகி என்னும் கொழுக்கட்டையில் வந்து முடிகிறது. பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அதில் என் மகள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று அவளுக்கு இருக்கிறது. அவள் தோற்றம் என்னுடையது. போலிஷ் மொழியில் ஒரு செபமும் பத்துப் பன்னிரண்டு சொற்களும் மட்டுமே தெரியும். "இந்த மரபைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டா, அம்மா?" என்று கேட்டாள். போதாக்குறைக்கு, என் கணவரின் கொள்ளுத்தாத்தா 1907இல் வந்த கப்பலின் பயணியர் பட்டியலில் அவருடைய நாடு ஆஸ்திரியா என்று எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த உறவினர் ஒருவர், நாம் உண்மையில் போலிஷ்காரர்களே இல்லை என்று விருந்தில் சொல்லிவிட்டார். அன்றிரவே அவள் அந்தக் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய பத்தியை வரைவிலிருந்து நீக்கிவிட்டாள். சிகாகோ இறைச்சிக் கூடங்களில் முப்பது ஆண்டுகள் உழைத்த மனிதர் அவர். அந்தப் பத்தி போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இத்தகைய கட்டுரைகளை எழுதியவர்கள், மதிப்பிட்டவர்கள், அல்லது குடும்ப ஆவணங்களைத் தேடிப் பழகியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். சமர்ப்பிக்க இன்னும் ஐந்து வாரங்கள் உள்ளன.

மறுமொழி 1: மிச்சிகன் ஆங்கில ஆசிரியை

வணக்கம் சகோதரி. நான் மிச்சிகனில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை. போலிஷ் குடும்பங்கள் நிறைந்த ஊர் என்பதால், இதுபோன்ற ஒரு போட்டிக்கு மூன்று ஆண்டுகள் நடுவர் குழுவில் இருந்திருக்கிறேன்.

உங்கள் மகளின் முதல் வரைவைப் போன்ற கட்டுரைகள்தான் எங்கள் மேசைக்கு அதிகம் வந்தன. பிரான்டிவைன் போரில் வாஷிங்டனின் உயிரைக் காத்த புலாஸ்கி முதல் பத்தியில் வருவார். 1779இல் சவானாவில் காயமுற்று இறப்பார். அடுத்த பத்தியில் பாட்டியின் சமையலறை வரும். ஒரே மாலையில் இருபது கட்டுரைகளைப் படிக்கும் நடுவருக்கு இவற்றில் ஒன்றைப் பிறிதொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. புலாஸ்கி எல்லோருக்கும் பொதுவானவர். உங்கள் மகளின் எள்ளுத்தாத்தா அவளுக்கு மட்டுமே உரியவர். அவள் நீக்கிய பத்திதான் அந்தக் கட்டுரையின் உயிர் என்று, அதைப் படிக்காமலேயே எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று கேட்கிறேன். அவள் தன் பாட்டியை எப்படி அழைக்கிறாள்? போலந்தில் பாட்டியை "பாப்ச்சா" என்பார்கள். மிச்சிகனிலும் சிகாகோவிலும் பழைய குடும்பங்களில் "பூஷா" என்ற சொல் வழங்குகிறது. அது போலந்தின் பொதுவழக்கில் இல்லாத, இங்கே வேரூன்றிய சொல். போட்டியின் தலைப்பு போலந்தின் மரபைக் கேட்கவில்லை. போலிஷ் அமெரிக்க மரபைக் கேட்கிறது. இரண்டும் வேறு வேறு. பின்னது இந்த மண்ணில், ஆலைகளுக்கும் பங்குக் கோயில்களுக்கும் நடுவே, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் வளர்ந்தது. அதற்கெனச் சொற்களும் பழக்கங்களும் பிழைகளும்கூட உண்டு. இதை உணர்ந்த மாணவரின் கட்டுரை முதல் பத்தியிலேயே தனித்துத் தெரியும்.

உரிமையைப் பற்றிய அவளுடைய கேள்விக்கு வருகிறேன். அவள் பாதி தமிழ் என்பதை மறைக்க வேண்டாம். அதே நேரத்தில், இரண்டு பண்பாடுகளின் பாலம் நான் என்ற வாக்கியத்தையும் எழுத வேண்டாம், அது தேய்ந்துபோன வாக்கியம். அந்தத் தயக்கத்தையே எழுதச் சொல்லுங்கள். தன்னைப் பார்ப்பவர்கள் போலிஷ் என்று நினைக்காத ஒரு பெண், கிறிஸ்துமஸ் முந்தைய இரவின் விகிலியா விருந்தில் ஒப்வாத்தெக் என்னும் மெல்லிய அப்பத்தைப் பாட்டியின் கையிலிருந்து பிட்டெடுக்கும்போது என்ன நினைக்கிறாள்? அந்த விருந்தில் எதிர்பாராத விருந்தினருக்காக ஓர் இருக்கையைக் காலியாக விடுவது வழக்கம். அந்த இருக்கையைப் பற்றி எழுத அவளைவிடப் பொருத்தமானவர் யார்?

மறுமொழி 2: ஆவணம் தேடுபவர்

நான் ஓய்வுபெற்ற நூலகர். குடும்ப வரலாற்று ஆவணங்களைத் தேடுபவர்களுக்குப் பல ஆண்டுகள் உதவியிருக்கிறேன். "ஆஸ்திரியா" என்ற அந்தச் சொல்லைப் பார்த்து மனம் தளர்ந்த குடும்பங்களை நிறையவே சந்தித்ததால், இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன (இரண்டாவது பங்கீட்டில் மட்டும் ஆஸ்திரியா சேரவில்லை). அதன்பின் 1918 வரை போலந்து என்ற சுதந்திர நாடு உலக வரைபடத்தில் இல்லை. அமெரிக்காவுக்குப் போலிஷ் மக்கள் பெருந்திரளாக வந்ததோ 1870களிலிருந்து முதல் உலகப் போர் வரையிலான காலத்தில். ஆகவே அவர்களில் எவரும் போலந்து நாட்டின் குடிமகனாக வந்திருக்க முடியாது. தெற்கே கலீசியாவிலிருந்து வந்தவர் ஆஸ்திரியப் பேரரசரின் குடிமகன். வார்சா பக்கத்திலிருந்து வந்தவர் ரஷ்யக் குடிமகன். பிரஷ்யாவிடம் போய், பின்னர் அதனோடு ஜெர்மனியில் சேர்ந்த போஸ்னான் பக்கத்திலிருந்து வந்தவர் ஜெர்மானியக் குடிமகன். எழுத்தர் கேட்டது எந்த அரசுக்கு உட்பட்டவர் என்பதை. பயணி அதற்குரிய விடையைச் சொன்னார்.

இப்போது அந்தப் பட்டியலை மீண்டும் எடுத்துப் பாருங்கள். 1907ஆம் ஆண்டின் பட்டியலில் "நாடு" என்ற கட்டத்தை அடுத்து "இனம் அல்லது மக்கள்" என்று இன்னொரு கட்டம் இருக்கும். பல பேரரசுகளிலிருந்து வருபவர்களை நாட்டைக் கொண்டு மட்டும் அடையாளம் காண முடியாததால், அமெரிக்கக் குடியேற்றத் துறையே சேர்த்த கட்டம் அது. போலிஷ் என்பது அதில் ஏற்கப்பட்ட விடைகளுள் ஒன்று. உங்கள் உறவினர் ஒரு கட்டத்தைப் படித்துவிட்டு அடுத்ததைப் படிக்காமல் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்து, 1910ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடுங்கள். எழுபத்திரண்டு ஆண்டுகள் கடந்த கணக்கெடுப்புப் பதிவுகள் பொதுமக்களின் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. எனவே 1950 வரையிலானவை இப்போது கிடைக்கும். 1910இல் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் பிறந்த நாட்டோடு தாய்மொழியையும் கேட்டு, இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினார்கள். அங்கே ஆஸ்திரியா என்பதன் பக்கத்திலேயே போலிஷ் என்று இருக்கக் கூடும். அதே வரிசையில் அவருடைய தொழிலும், வீட்டில் யார் யார் தங்கியிருந்தார்கள் என்பதும் தெரியவரும். வாடகைக்குத் தங்கிய இளைஞர்கள் நான்கைந்து பேர் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்த்தால் வியப்படைய வேண்டாம்; அன்றைய தொழிலாளர் குடியிருப்புகளில் அது இயல்பு.

அவர் குடியுரிமை பெற்றிருந்தால் அந்த மனுவையும் தேடலாம். 1906ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் அந்தப் படிவங்கள் நாடெங்கும் ஒரே சீராக அமைந்தன. பிறந்த இடமும் வந்த கப்பலும் அதில் இடம்பெறும். பங்குக் கோயிலின் திருமணப் பதிவேட்டில் பல வேளைகளில் சொந்தக் கிராமத்தின் பெயரே கிடைத்துவிடும். போலிஷ் சங்கங்கள் பலவும் உறுப்பினர்களுக்கு ஆயுள் காப்பீடு வழங்கியவை. 1873இல் தொடங்கிய போலிஷ் ரோமன் கத்தோலிக்க ஒன்றியமும் 1880இல் தொடங்கிய போலிஷ் தேசியக் கூட்டணியும் அப்படிப்பட்டவை. பழைய காப்பீட்டுப் பத்திரம் ஏதேனும் பாட்டியின் பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். சிகாகோவில் உள்ள அமெரிக்கப் போலிஷ் அருங்காட்சியகத்தில் நூலகமும் உண்டு; மகளை அங்கே ஒரு நாள் அழைத்துச் செல்லலாம்.

ஓர் எச்சரிக்கை. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அங்கிருந்தவர்கள், புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தார் எழுதிய பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர்களைப் புதிதாக எழுதிக் கொடுக்கவில்லை. பெயர் மாற்றம் பெரும்பாலும் பிற்பாடு, வேலையிடத்திலோ பள்ளியிலோ குடியுரிமை மனுவிலோ நிகழ்ந்தது. உங்கள் மகள் அந்தக் கதையை எழுத நினைத்தால், பாட்டி சொன்ன கதையாக எழுதட்டும். நடந்த செய்தியாக எழுத வேண்டாம்.

மறுமொழி 3: மில்வாக்கி வாசகர்

ஆசிரியையின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பொது வரலாற்றை முழுவதும் விலக்கினால் கட்டுரை குடும்பப் புகைப்படத் தொகுப்பாகச் சுருங்கிவிடும். எள்ளுத்தாத்தாவின் உழைப்பு ஆயிரக்கணக்கானோரின் உழைப்போடு சேர்ந்தது என்பதையும் மாணவி அறிந்திருக்கிறாள் என்று நடுவர் உணர வேண்டும்.

நான் வசிக்கும் மில்வாக்கியின் தென்பகுதியில் புனித யோசபாத் பேராலயம் இருக்கிறது. சிகாகோவில் இடிக்கப்பட்ட பழைய அஞ்சலக, சுங்கக் கட்டடத்தின் கற்களையும் தூண்களையும் போலிஷ் தொழிலாளர்களின் கோயில் பங்குச் சமூகம் ஒன்று 20,000 டாலருக்கு வாங்கி, 500 இரயில் பெட்டிகளில் ஏற்றி வந்து, 1901இல் அதைக் கட்டி முடித்தது. கடன் அவர்களைப் பல ஆண்டுகள் அழுத்தியது. அதே தெருக்களில் "போலிஷ் ஃபிளாட்" என்று இன்றும் அழைக்கப்படும் வீடுகள் உள்ளன: சிறிய மரவீட்டை அப்படியே மேலே தூக்கி நிறுத்தி, அடியில் பாதி நிலத்துக்குள் அமைந்த ஒரு தளத்தைக் கட்டி, அங்கே உறவினரையோ வாடகைக்காரரையோ குடியமர்த்துவார்கள். கையில் காசு சேரச் சேர வீடு மேலே எழும்பியது. இவற்றை நேரில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீர வரலாறுகளைப் படித்தபோது அப்படி நேர்ந்ததில்லை.

துயரத்தையும் தவிர்க்க வேண்டியதில்லை. 1897 செப்டம்பர் 10 அன்று பென்சில்வேனியாவின் லாட்டிமரில், ஆயுதமின்றி ஊர்வலமாக வந்த சுரங்கத் தொழிலாளர்கள்மீது ஷெரிஃபின் (உள்ளூர்க் காவல் தலைவரின்) ஆட்கள் சுட்டதில் 19 பேர் இறந்தார்கள். போலிஷ், ஸ்லோவாக், லிதுவேனிய மக்கள் அவர்கள். சுட்டவர்கள் வழக்கிலிருந்து விடுதலையானார்கள். "கொண்டாடும்" கட்டுரை என்பதால் இதைச் சொல்லக் கூடாது என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். தன் முன்னோர் எதைத் தாங்கினார்கள் என்று அறிந்து கொண்டாடுவதே நேர்மையான கொண்டாட்டம் என்று நான் நினைக்கிறேன்.

புகழ்பெற்ற பெயர் ஒன்று வேண்டுமென்றால் கோஷ்சியுஷ்கோவின் உயிலை எடுத்துக்கொள்ளலாம். 1798இல் அமெரிக்காவை விட்டுப் புறப்படுமுன், இங்கிருந்த தன் சொத்தைக் கொண்டு அடிமைகளை விடுவித்து அவர்களுக்குக் கல்வி அளிக்குமாறு, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சனிடம் எழுதிக் கொடுத்தார். 1817இல் அவர் இறந்தபின் ஜெஃபர்சன் அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. 1852இல் உச்ச நீதிமன்றமும் உயிலைச் செல்லாததாக்கியது. அந்தக் கல்வி எவருக்கும் கிடைக்கவில்லை. கல்வி உதவித்தொகை கேட்டு எழுதும் ஒரு மாணவி இதை நினைத்துப் பார்ப்பது மிகப் பொருத்தம். ஆனால் அது அவளுடைய கதையோடு இயல்பாகச் சேர்ந்தால் மட்டுமே.

மறுமொழி 4: கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் பணிபுரிபவர்

கட்டுரையைப் பற்றி மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். பணத்தைப் பற்றி இரண்டு செய்திகள் மட்டும். வெளியிலிருந்து கிடைக்கும் உதவித்தொகையைக் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். சில கல்லூரிகள் அதற்கு ஈடாகத் தாங்கள் தரும் உதவியைக் குறைத்துவிடும். கடனையோ வளாக வேலையையோ முதலில் குறைப்பீர்களா, மானியத்தைக் குறைப்பீர்களா என்று சேருமுன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, பட்டப் படிப்பு மாணவர் இத்தொகையைக் கல்விக் கட்டணத்துக்கும் பாடத்துக்குக் கட்டாயமான நூல்களுக்கும் செலவிட்டால் கூட்டாட்சி வருமான வரி இல்லை. தங்கும் அறைக்கும் உணவுக்கும் செலவிட்ட பகுதி வரிக்குரிய வருமானமாகும். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி எழுப்பியவர்: சிகாகோ புறநகர்த் தாய்

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை.

நூலகர் ஐயா சொன்னபடியே அந்தப் பட்டியலை மகளும் நானும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். "ஆஸ்திரியா" என்பதற்கு அடுத்த கட்டத்தில், அதே கையெழுத்தில், "போலிஷ்" என்று இருந்தது. அவள் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு எழுந்துபோய்த் தந்தையை அழைத்து வந்தாள். கையில் இருந்த பணம் பன்னிரண்டு டாலர். சேரவேண்டிய இடம் சிகாகோவில் உள்ள மைத்துனர் வீடு. 1910ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அவர் அதே வீட்டில் வேறு ஆறு பேரோடு தங்கியிருக்கிறார். தொழில், இறைச்சிக் கூடத்தில் கூலியாள். தாய்மொழியின் இடத்தில் போலிஷ் என்று அங்கும் இருக்கிறது.

ஆசிரியை கேட்ட கேள்விக்கும் விடை: ஆம், அவள் பாட்டியைப் பூஷா என்றுதான் அழைக்கிறாள். அந்தச் சொல்லைப் பற்றிப் பாட்டியிடமே கேட்டிருக்கிறாள். 1970களில் கிராக்கோவிலிருந்து உறவினர்கள் வந்திருந்தபோது, குழந்தைகள் பூஷா என்று கூப்பிட்டதை அவர்கள் புரியாமல் பார்த்தார்களாம். தன் போலிஷ் கொச்சையானது என்று அன்று வெட்கப்பட்டதாகவும், அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றும் பாட்டி சொன்னார். எண்பது வயதைக் கடந்தவரும் பதினேழு வயதுப் பெண்ணும் ஒரே அச்சத்தைச் சுமந்திருக்கிறார்கள். புதிய வரைவு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. புலாஸ்கி இல்லை. கோஷ்சியுஷ்கோவின் உயிலை வைக்க முயன்றாள். ஒட்டவில்லை என்று அவளே எடுத்துவிட்டாள். இறைச்சிக் கூடத்து வாழ்க்கையைப் பற்றி இரண்டு பத்திகள் இருக்கின்றன. நான் வருகிறேனா என்று பார்த்தேன். காலியாக விடும் இருக்கையைப் பற்றிய பத்தியில் வருகிறேன்: என் முதல் விகிலியா அன்று, விவரம் தெரியாமல் அதில் நான் உட்கார்ந்துவிட்டேன், மாமியார் ஒரு சொல்லும் சொல்லாமல் எனக்கு முன் தட்டை வைத்தார்.

இப்போதைய சிக்கல் இரண்டு. வரைவு ஆயிரத்து இருநூறு சொற்கள் இருக்கிறது. பூஷா, ஒப்வாத்தெக் போன்ற சொற்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் தர வேண்டுமா என்றும் கேட்கிறாள்.

மறுமொழி 5: மிச்சிகன் ஆங்கில ஆசிரியை

படித்து மனம் நிறைந்தது. விளக்கமே வேண்டாம். படிக்கப்போகும் நடுவர்கள் அந்தச் சொற்களோடு வளர்ந்தவர்கள். சாய்வெழுத்தும் தேவையில்லை, அவள் வீட்டில் அவை சாதாரணச் சொற்கள்தானே. அதிலேயே ஐம்பது அறுபது சொற்கள் குறைந்துவிடும்.

மீதியைக் குறைக்க, கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். முதல் வரைவுகளின் கடைசிப் பத்தியில் மாணவர்கள் தாங்கள் கற்றுக்கொண்டதை மீண்டும் விளக்குவார்கள்; பெரும்பாலும் அது வேண்டியிருக்காது. நீங்கள் உட்கார்ந்த அந்த இருக்கையிலேயே கட்டுரை முடியுமானால் முடியட்டும். இறைச்சிக் கூடத்துப் பத்திகளில் கை வைக்க வேண்டாம். மில்வாக்கி நண்பர் என்னைத் திருத்தியது சரி.

அனுப்புவதற்கு முன் அவள் அதைப் பாட்டிக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். வெட்கப்பட்ட அந்த நாளை எழுத அவருடைய சம்மதம் தேவை. இன்னொன்று: சொந்தக் கிராமத்தின் பெயர் கிடைத்திருந்தால், அதிலுள்ள போலிஷ் எழுத்துகளின் மேற்குறி, கீழ்க்குறிகளை விடாமல் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கப்பல் எழுத்தர் அவற்றை விட்டிருப்பார்.